வளைவு வைக்கும் முன்

அன்புள்ள ஐயா,

ஆந்திர எல்லையோரம் பரதராமி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் மிலிட்டரிக்காரரை உங்களுக்கும் தெரியும் என்று அப்பா சொன்னார். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பட்டாளத்துப் பொறியாளர் படையில் இருந்தவர். 71 போரில் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி எடுத்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ரிடையராகி வந்த நாளிலிருந்து ஊருக்காகவே ஓடுகிறார். அவர் பெயரில் ஊர் முகப்பில் வளைவு வைக்க இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறோம். ஆனால் போரைப் பற்றிக் கேட்டால் வாயே திறப்பதில்லை. “அந்த அம்மா பென்ஷன் பேப்பர் என்னாச்சு, அதப் பாரு” என்று பேச்சை மாற்றிவிடுகிறார். இப்படியொரு வீரரின் கதை அவரோடே போய்விடலாமா? நீங்கள் வந்து பேசவைக்க முடியுமா?

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

அவரைப் பேசவைக்க நான் வரமாட்டேன். பசந்தரில் நடந்தது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. 1971 டிசம்பர் 15 இரவு, பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், நம் டாங்கிகள் போக வழி வேண்டும். நடுவில் கண்ணிவெடி வயல். குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே அதற்குள் இறங்கிப் பாதை திறந்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸின் 9ஆவது எஞ்சினியர் ரெஜிமென்ட்காரர்கள். வேலை முழுதாக முடிவதற்குள்ளேயே பூனா ஹார்ஸ் என்ற டாங்கி ரெஜிமென்ட்டின் டாங்கிகள் அந்த வழியாகப் புகுந்தன. மறுநாள் அங்கே உயிர்விட்ட 21 வயது அருண் கேத்தர்பாலுக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர் பெயர் தெரியும். வழி திறந்தவர்களின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் அந்த ராத்திரி அவருடையது. சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

எழுத வேண்டியது அவர் ரிடையரான பிறகான நாற்பது சொச்சம் வருஷங்களை. என் அத்தையின் குடும்பப் பென்ஷன் அவர் திண்ணையில்தான் தீர்ந்தது. அத்தை ஆந்திரப் பக்கத்துப் பெண். பட்டாளத்து ஆவணத்தில் ‘முனெம்மா’, ஆதாரில் ‘முனியம்மாள்’, ரேஷன் கார்டில் இன்னொன்று. மாமா இறந்ததும் பணம் நின்றுவிட்டது. மிலிட்டரிக்காரர், வெள்ளை பெயின்டில் நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியின்மேல் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் கார்டுகளையும் வரிசையாக வைத்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி எழுத்தெழுத்தாகப் படித்தார். கல்யாணத் தேதி கேட்டார். “கெங்கையம்மன் சிரசு முடிஞ்சு பத்தாம் நாளு, பெரியவன் பொறக்கறதுக்கு முன்வருசம்” என்றாள் அத்தை. குடியாத்தத்தில் சிரசுத் திருவிழா வைகாசி முதல் தேதி. அவர் விரல்விட்டு எண்ணி, மே கடைசி என்று எழுதிக்கொண்டார். பிறகு தெலுங்கிலிருந்த கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்துவரச் சொல்லி, தேதி பொருந்துகிறதா என்று பார்த்த பின்புதான் மனுவில் கைவைத்தார்.

இது சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அப்போதெல்லாம் பெயரில் ஓர் எழுத்து மாறினால் காகிதம் பெங்களூர் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து அலகாபாத் கணக்கு அலுவலகம், அப்புறம் பேங்க். எங்கே நின்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சித்தூரில் முன்னாள் படைவீரர்களுக்கான சைனிக் அலுவலகத்துக்குப் போக வேண்டும், இந்தப் பக்கத்தார் வேலூருக்கு. இரண்டு ஊர் நடைமுறையும் அவருக்கு அத்துப்படி. 15 வருஷ சர்வீஸ் முடிக்காமல் வந்ததால் பென்ஷனே இல்லாதவர்கள் உண்டு. அவர்களில் 65 வயதைத் தாண்டிய, ஹவில்தார் பதவி வரையிலானவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் வறுமை நிதி என்று ஒன்று இருப்பதை வீடுவீடாகப் போய்ச் சொன்னவர் அவர்.

வளைவு வைப்பது உங்கள் அன்பு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் துறந்தார்கள் என்கிறது. அந்த 14 பேரின் பெண்டாட்டி பிள்ளைகள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைக் கல் சொல்லாது. நம் மிலிட்டரிக்காரர் வாழ்நாளெல்லாம் பார்த்தது அந்தக் கேள்வியைத்தான். அதனால்தான் நீங்கள் போரைக் கேட்டால் பேப்பரைக் காட்டுகிறார். அவருடைய பதிலாகவே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்ற பட்டாளத்துப் பென்ஷன் இணையதளத்துக்குப் போய்விட்டது. ஓடிபி வந்தால் பார்க்கக் கிழவிகளிடம் போன் இல்லை, அவருக்கும் கண் சரியில்லை. உங்களில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தக் குடும்பத்துக்கு என்ன பாக்கி என்று குறித்து வைத்திருக்கும் நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் படியெடுங்கள். மனு எழுதும் முறையை அவர் வாயாலேயே கற்றுக்கொள்ளுங்கள். நவம்பரில், உயிரோடிருப்பதைக் காட்டும் லைஃப் சர்டிபிகேட்டுக்குக் கூட்டம் வந்துவிடும், அதற்கு முன் தொடங்கினால் நல்லது. போகிற இருவரில் ஒருவருக்காவது தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்கட்டும்.

அன்புடன்