அக்டோபர் புரட்சியை நவம்பர் பலகையில் ஒட்டலாமா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். நூலகத்துக்கு வெளியே 'இந்த மாதம் உலக வரலாற்றில்' என்று ஒரு பலகை வைத்திருக்கிறோம். நவம்பருக்கான குறிப்புகளைத் திரட்டும்போது குழப்பம் வந்துவிட்டது. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சிக்கு ஒரு புத்தகத்தில் அக்டோபர் 25 என்றும் இன்னொன்றில் நவம்பர் 7 என்றும் இருக்கிறது. எதை எழுதுவது? ஜெர்மனியிலோ நவம்பர் 9 என்ற ஒரே தேதியில் நான்கு பெரிய சம்பவங்கள் வருகின்றன. இதெல்லாம் தற்செயலா என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: நவம்பர் 7 என்று எழுதி, கீழே சின்ன எழுத்தில் 'அன்றைய ரஷ்ய நாட்காட்டியில் அக்டோபர் 25' என்று சேர்த்துவிடுங்கள். உங்கள் இரண்டு புத்தகங்களும் சரிதான். ஒரே நாளுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான்.

ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த நாட்காட்டி, ஆண்டுக்கு 365¼ நாள் என்று கணக்கு வைத்தது. உண்மையான ஆண்டு அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம்தானே என்று விட்டதில் 128 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகிக்கொண்டே வந்தது. 1582இல் போப் பதிமூன்றாம் கிரிகோரி இதைச் சரிசெய்தார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள், அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க நாடுகள் முதலில் ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்து 1752 வரை இழுத்தடித்தது. ரஷ்யா புரட்சிக்குப் பிறகுதான் மாறியது. 1918 ஜனவரி 31க்கு மறுநாள் அங்கே பிப்ரவரி 14. அதற்குள் இடைவெளி 13 நாளாக வளர்ந்திருந்தது. ஆகவே 'அக்டோபர்' புரட்சியின் முதல் ஆண்டு விழாவே நவம்பரில்தான் நடந்தது. நம் ஊர் இடதுசாரிகள் 'நவம்பர் புரட்சி தினம்' என்று சொல்லியே கொடியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இதே கணக்கில் 1917இன் பிப்ரவரிப் புரட்சி உங்கள் மார்ச் பலகைக்குப் போக வேண்டும். அது தொடங்கியது மார்ச் 8, மகளிர் தினத்தன்று.

இந்த இரண்டு நாட்காட்டிக் குழப்பத்தில் பிறந்த சுவையான கதைகளும் உண்டு. கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று வகுப்பில் சொல்லியிருப்பீர்கள், நானும் சொன்னவன்தான். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் புதிய கணக்குப்படி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் பழைய கணக்குப்படி. அதே நாள் இத்தாலியில் 1643 ஜனவரி 4! அதனால் 1582க்கும் 1752க்கும் இடைப்பட்ட இங்கிலாந்துத் தேதியையும், 1918க்கு முந்திய ரஷ்யத் தேதியையும் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். 1582க்கு முந்தியவற்றைத் தொடவே வேண்டாம். கொலம்பஸ் கரை கண்டது 1492 அக்டோபர் 12 என்றே இருக்கட்டும்; யாரும் அதைப் புதுக் கணக்குக்கு மாற்றிக் கொண்டாடுவதில்லை.

நாட்காட்டி ஒன்றாகிவிட்ட பிறகும் கடிகாரம் காலை வாரும். நிலவில் அப்பல்லோ 11இன் ஈகிள் கலம் இறங்கியபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 பிற்பகல். நமக்கு ஜூலை 21 அதிகாலை 1.47. ஜப்பானியர் ஹவாய்த் தீவிலுள்ள பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது 1941 டிசம்பர் 7, மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது டிசம்பர் 8. ஆனால் கோத்தா பாரு தாக்குதல்தான் முந்தியது! நடுவே சர்வதேசத் தேதிக்கோடு இருப்பதால் வந்த வினை. சம்பவம் நடந்த ஊரின் தேதியையே எழுதுவது என்று ஒரு முறை வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

சரி, நவம்பர் 9க்கு வருவோம். உங்கள் பலகையில் பாதி இடத்தை இதற்கே கொடுக்கலாம் என்பேன்.

1918இல் அந்த நாளில் ஜெர்மன் பேரரசர் (கெய்சர்) இரண்டாம் வில்லியம் பதவி விலகியதாக அறிவிப்பு வந்தது. பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் சன்னலில் நின்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமன் குடியரசை அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 11 காலை 11 மணிக்கு முதல் உலகப் போர் நின்றது. ராணுவம் தோற்கவில்லை, உள்ளே இருந்தவர்கள் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பொய் அப்போது கிளம்பியது. குடியரசை அமைத்த தலைவர்களுக்கு 'நவம்பர் குற்றவாளிகள்' என்று பட்டம் சூட்டினார்கள். அந்தப் பொய்யை ஊதிப் பெருக்கியவர்களில் ஒருவர் ஹிட்லர். 1923 நவம்பர் 8 இரவு மியூனிக்கில் ஒரு பீர் மண்டபத்துக்குள் ஆட்களோடு புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார். மறுநாள், 9ஆம் தேதி, அவர்கள் ஊர்வலம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சிதறியது. தேதியைத் தீர்மானித்தது, மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தின் ஆட்சியாளர் குஸ்டாவ் ஃபான் கார் என்பவர் அந்த மண்டபத்தில் வைத்திருந்த கூட்டம். கோபம் மட்டும் 1918இலிருந்து வந்தது.

ஆட்சிக்கு வந்ததும் நாஜிகள் அந்தத் தோல்வியை ஆண்டுதோறும் மியூனிக்கில் விழாவாக எடுத்தார்கள். 1938இல் தலைவர்கள் அப்படிக் கூடியிருந்த இரவில்தான், பாரிஸில் ஒரு யூத இளைஞன் சுட்டதில் ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்தது. நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பேசினார், கூடியிருந்தவர்கள் ஊர் ஊராகத் தொலைபேசியில் உத்தரவு அனுப்பினார்கள். யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின, சுமார் 30,000 யூத ஆண்கள் கைதானார்கள். அந்த விழா இல்லாதிருந்தால் அத்தனை தலைவர்களும் அன்றிரவு ஒரே இடத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

1989 வேறு ரகம். கிழக்கு ஜெர்மன் கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி, மாலைச் செய்தியாளர் கூட்டத்தில் புதிய பயண விதிகளை வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டதும், தாளைப் புரட்டிவிட்டு 'உடனடியாக' என்று சொல்லிவிட்டார். உண்மையில் விதிகள் மறுநாள்தான், அதுவும் விண்ணப்பித்து வாங்கும் அனுமதியோடு. மக்கள் நகரை இரண்டாகப் பிரித்திருந்த பெர்லின் சுவரை நோக்கித் திரண்டார்கள். இரவு 11.30 வாக்கில் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் காவலர்கள் வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தார்கள். அது 9ஆம் தேதியில் விழுந்தது தற்செயல்தான்.

எனவே பிள்ளைகளிடம் 'பாதி ஆமாம், பாதி இல்லை' என்று சொல்லலாம். பலகையில் 1918, 1923, 1938 அட்டைகளைக் குண்டூசி குத்தி ஒரு சிவப்பு நூலால் இணையுங்கள். 1989ஐ நூல் இல்லாமல் தனியே விடுங்கள். ஏன் அதற்கு நூல் இல்லை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். மேரி கியூரியும் திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும் நவம்பர் 7இல் பிறந்தவர்கள் என்பதையும் ஓரமாக எழுதுங்கள், தற்செயலுக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சூயஸ் கால்வாய் திறப்பு (1869 நவம்பர் 17), கென்னடி கொலை (1963 நவம்பர் 22) போன்றவற்றுக்கு ஒரு வரி போதும்.

இன்னொன்று. சுவர் திறந்த நாளையே ஜெர்மனி தேசிய தினமாக வைத்திருக்கலாமே என்று கேட்பார்கள். 1938இன் நினைவும் அதே நாளில் இருப்பதால் அதைத் தவிர்த்து, கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளின் இணைப்பு நடைமுறைக்கு வந்த 1990 அக்டோபர் 3ஐ வைத்துக்கொண்டார்கள். அக்டோபர் பலகையைக் கழற்றும்போது அந்த அட்டையை மட்டும் எறிந்துவிடாதீர்கள். 1989க்குப் பக்கத்தில் குத்திக்கொள்ளலாம்.