பனிச்சறுக்கு ஓட்டம்: திருகோணமலைக்காரரின் கேள்விகளுக்குப் பதில்

சுவிஸில் ஹோட்டல் குசினியில் வேலை செய்த காலத்தில் தொற்றிக்கொண்ட பைத்தியம் இது. ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. அல்பைன் ஸ்கீ ஓட்டம், அதாவது காலில் ஸ்கீ என்ற நீண்ட பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி இறங்கும் போட்டி பற்றி இங்கே பலரும் கேட்டவற்றில் சிலவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, எவ்வளவு வேகமாகப் போவார்கள்?

டவுன்ஹில் என்ற வேக ஓட்டத்தில் மணிக்கு 130 கிலோமீற்றர் சாதாரணம். 2013இல் சுவிஸின் வெங்கனில் பிரான்சு வீரர் ஜொஹான் கிளாரே 161.9 தொட்டார். ஆனால் அன்று வென்றவர் அவர் அல்ல. உலகக் கிண்ணம் என்பது குளிர்காலம் முழுக்கப் பல மலைகளில் நடக்கும் ஓட்டத் தொடர்; அதில் ஓர் ஓட்டத்தைக்கூட வெல்லாமலேதான் ஓய்வு பெற்றார். நேராக இறங்கும் துண்டில் எவரும் பறக்கலாம் தம்பி. அதற்கு முந்திய வளைவில் யார் வேகத்தை இழக்காமல் வருகிறார் என்பதில்தான் விடயம் இருக்கிறது. கிளாரேக்கும் பிறகு நல்ல காலம் வந்தது, 2022 பீஜிங் ஒலிம்பிக்கில் 41 வயதில் வெள்ளி எடுத்தார்.

சாம்பல்தீவு ரீச்சர்: டவுன்ஹில், ஸ்லாலம் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

வேகத்துக்கு டவுன்ஹில், சூப்பர்-ஜி. திருப்பத்துக்கு ஜயன்ட் ஸ்லாலம், ஸ்லாலம். முதல் இரண்டும் ஒரே இறக்கம். மற்ற இரண்டிலும் இரண்டு தடவை இறங்கி நேரத்தைக் கூட்டுவார்கள். ஒஸ்ரியாவில் கிட்ஸ்பூல் டவுன்ஹில்லின் உயர வித்தியாசம் 860 மீற்றர். நம் கோணேசர் மலையைப் போல ஆறு மடங்குக்குக் குறையாது. அதை இரண்டு நிமிடத்துக்குள் இறங்கி முடிக்கிறார்கள். ஸ்லாலத்தில் உயரம் குறைவு, வழிகாட்டப் பாதையில் நட்ட தடிகள் நெருக்கம். முழங்காலுக்குக் கீழே கவசம் கட்டிக்கொண்டு தடியை அடித்துச் சாய்த்தபடி போவார்கள். தடியைச் சாய்ப்பதில் பிழையில்லை, இரண்டு ஸ்கீயும் அதற்குச் சரியான பக்கத்தால் போகவேண்டும். ஒன்று மறுபக்கம் போய்விட்டால் கதை முடிந்தது.

டச்சு பே பக்கத்து மீன்பிடி ஐயா: பனி பூப்போல இருக்கும் என்கிறார்கள். அதில் புதையாமல் எப்படிப் போகிறார்கள்?

ஐயா, நல்ல கேள்வி. பூப்போன்ற பனி உல்லாசப் பயணிகளுக்கு. ஓட்டக்காரருக்கு அது எதிரி. முதலாவது ஆள் போனதும் பள்ளம் விழும், பத்தாவது ஆளுக்கு அந்தப் பள்ளமே பாதையாகிவிடும். அதனால் தரையை ஐஸாக்குகிறார்கள். வரிசையாகச் சிறு துளைகள் வைத்த நீண்ட குழாய் ஒன்றைப் பாதையின் குறுக்கே கிடத்தி, அழுத்தத்தோடு தண்ணீரைப் பனிக்குள் இறக்குவார்கள். பிறகு கொஞ்சம் கீழே நகர்த்தி மறுபடியும், அப்படியே மலை முழுக்க. இரவில் அது உறைந்து இறுகும். காலையில் சப்பாத்துடன் அதில் நிற்கவே முடியாது. வெங்கனில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன்: ஆள் கண்ணில் படுமுன்னே ஸ்கீயின் இரும்பு விளிம்பு ஐஸைக் கீறுகிற கர்ர்ர் சத்தம் வந்துவிடும். அந்த விளிம்பைத்தான் ஒவ்வொரு இரவும் அரம் போட்டுத் தீட்டுகிறார்கள்.

வெயில் ஏறி ஈரமாகிவிட்டால் உப்புத் தூவுவதும் உண்டு. ஐஸில் உப்புப் போட்டால் குளிர் கூடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேலே கொஞ்சம் கரையும்போது சுற்றிலும் உள்ள சூட்டை இழுத்துக்கொள்ளும், கீழே இறுகும். சில மணி நேரம் தாங்கினால் போதும்.

கிண்ணியாவிலிருந்து: அப்படியென்றால் முன்னுக்குப் போகிறவருக்குத்தானே வாய்ப்பு? இது நியாயமா, நானா?

முழு நியாயம் இல்லை தம்பி. இந்த விளையாட்டின் விதிகளில் பாதி அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இருக்கின்றன. உலகக் கிண்ண ஸ்லாலத்தில் தரவரிசையில் முன்னணியில் உள்ளவர்களுக்குள் முன் இலக்கங்களைக் குலுக்கிக் கொடுப்பார்கள். முதல் இறக்கத்தில் சிறந்த 30 பேர் மட்டும் இரண்டாவதுக்கு. அப்போது வரிசை தலைகீழ்: முப்பதாவது ஆள் முதலில், முன்னணியில் இருப்பவர் கடைசியில், கெட்டுப்போன பாதையில். தடிகளையும் புதிதாக நடுவார்கள். பார்க்கிறவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, கடைசி நிமிடம் வரை வென்றவர் யாரென்று தெரியாது.

பின் இலக்கத்திலிருந்து வெல்லவே முடியாதா என்றால், 2018 ஒலிம்பிக் சூப்பர்-ஜியைத் தேடிப் பாருங்கள். செக் நாட்டு எஸ்தர் லெடெட்ஸ்கா 26ஆம் இலக்கம். ஒஸ்ரியாவின் அன்னா ஃபைத்துக்குத்தான் தங்கம் என்று பலரும் முடிவு கட்டிய பிறகு வந்து 0.01 செக்கனால் வென்றார். நேரம் காட்டும் பலகையைப் பார்த்துத் தானே நம்பாமல் நின்றார். இன்னும் வேடிக்கை, 2014 சோச்சி பெண்கள் டவுன்ஹில்லில் ஸ்லோவேனியாவின் டீனா மாஸேயும் சுவிஸின் டொமினிக் கீசினும் நூறில் ஒரு செக்கன் பிசகாமல் ஒரே நேரம். இரண்டு பேருக்கும் தங்கம்.

ஓர் அம்மா: விழுந்தால்?

விழுகிறார்கள் அம்மா, மோசமாகத்தான். 2024-25 பருவத்திலிருந்து வேக ஓட்டங்களில் உடைக்குள் காற்றுப் பை கட்டாயம். முதுகையும் நெஞ்சையும் காக்கும். முழங்காலுக்கு இன்னும் வழியில்லை, அதிகம் உடைவதும் அதுதான்.

உவர்மலையிலிருந்து: எல்லாக் காலத்திலும் பெரிய ஆள் யார்?

அமெரிக்காவின் மிகேலா ஷிஃப்ரின். 2025 பெப்ரவரியில் இத்தாலியின் செஸ்ட்ரியேரில் நூறாவது உலகக் கிண்ண வெற்றி. அதற்கு முன் உச்சம் சுவீடனின் இங்கமார் ஸ்டென்மார்க், 86. அவர் அத்தனையையும் ஸ்லாலம், ஜயன்ட் ஸ்லாலம் இரண்டிலேயே எடுத்தார் என்று பழைய ஆட்கள் வாதாடுவார்கள். நான் ஷிஃப்ரின் பக்கம்தான். எல்லா வகையிலும் வென்றவர் அவர்.

நிலாவெளியிலிருந்து ஓர் அக்கா: தம்பியின் மகன் சுவிஸில் பிறந்தவன், நன்றாகச் சறுக்குவான். இலங்கைக்காக ஓடலாமா?

முதலில் இலங்கைக் கடவுச்சீட்டு வேண்டும். அப்புறம் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் ஏற்றுக்கொண்ட தேசிய அமைப்பு ஒன்றின் மூலம் உரிமம். அதன் பிறகு சின்னச் சின்ன ஓட்டங்களாக ஓடிப் புள்ளி சேர்க்கவேண்டும். இங்கே புள்ளி குறையக் குறைய நல்லது, பூச்சியத்துக்குக் கிட்டே இருப்பவர்தான் பெரிய ஆள்.

வழி இல்லாமல் இல்லை அக்கா. காஷ்மீரின் ஆரிஃப் கான் 2022 ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக இறங்கி ஜயன்ட் ஸ்லாலத்தில் 45ஆவதாக வந்தார். நோர்வேக்காக ஓடி வென்றுகொண்டிருந்த லூகாஸ் பிராத்தன், தாயின் நாடான பிரேசிலுக்கு மாறி, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் இரண்டாம் இடம் எடுத்தார். பிரேசிலுக்கு உலகக் கிண்ண மேடை அதுதான் முதல் தடவை. ஆனால் பிள்ளை உண்மையில் கெட்டிக்காரன் என்றால் சுவிஸ் அணிக்கே முயலட்டும். பயிற்சியாளர், ஸ்கீ தீட்ட ஆள், பயணச் செலவு எல்லாம் அங்கே இருக்கிறது. இலங்கைக் கொடி என்றால் அத்தனையும் உங்கள் தம்பியின் சட்டைப் பையிலிருந்துதான்.

மூதூரிலிருந்து: பார்க்க எந்த நேரம் நல்லது?

ஜனவரி. வெங்கன், கிட்ஸ்பூல் இரண்டும் அந்த மாதம்தான். குளிர்காலத்தில் அவர்களைவிட நாங்கள் நாலரை மணி நேரம் முன்னுக்கு, ஆகவே அங்கே மதியம் ஓடினால் இங்கே நாலரை மணித் தேநீர் நேரம். ஒஸ்ரியாவின் ஷ்லாட்மிங்கில் இரவு விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் ஸ்லாலத்தை முழுதாகப் பார்க்கவேண்டும் என்றால் மட்டும் நடுச்சாமம் தாண்டி விழித்திருக்கவேண்டும்.