மாத்திரை வாங்கியாச்சு, அதுக்கப்புறம் யார் இருக்காங்க?

கேள்வி: தம்பிக்கு எச்.ஐ.வி. உறுதியாகி, சென்னையில் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும்) மையத்தில் பதிந்துவிட்டோம். மருந்தைத் தாண்டி என்ன உதவி கிடைக்கும்?

முதலில் அந்த மையத்தின் ஆலோசகரிடம் ‘பராமரிப்பு ஆதரவு மையம்’ எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் தொற்றுடன் வாழ்பவர்களின் கூட்டமைப்புகளே நடத்துபவை. மாத்திரை தவறினால் விசாரிப்பது, காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புவது, உதவித்தொகை மனு எழுதித் தருவது எல்லாம் அங்கே நடக்கும். வீட்டுக்கு வரவேண்டாம் என்றால் சொல்லிவிடலாம், டீக்கடையில் சந்திப்பார்கள்.

நான் பெரிதாக மதிப்பது சக நோயாளியின் பேச்சைத்தான். மாத்திரை டப்பா பையில் குலுங்கிச் சத்தம் போடாமல் இருக்க உள்ளே பஞ்சு வைக்கலாம் என்பதை எந்த டாக்டரும் சொல்லமாட்டார். (அனுபவித்தவருக்குத்தான் அந்தச் சத்தம் கேட்கும்.)

இந்தியாவில் இத்தொற்று முதலில் கண்டறியப்பட்டதே 1986-இல் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எச்.ஐ.வி. சிகிச்சை நிறுவனம், 1998-இல் தொற்றுடன் வாழும் பெண்களே தொடங்கிய பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் எல்லாம் இங்கே பிறந்தவை.

வேலையிலோ மருத்துவமனையிலோ ஒதுக்கினால் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டம் துணை நிற்கும். நம்பிச் சொன்ன விஷயத்தைத் தம்பியின் சம்மதமின்றி வெளியே சொல்வதையும் அது பொதுவாகத் தடுக்கிறது. இரவில் மனசு கலங்கினால் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள், கட்டணமில்லை.