ஆறு பரப்புத் தோட்டம் யார் கணக்கில்?

யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்யும் வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: நானும் கணவரும் ஆறு பரப்புச் செம்மண் தறையைக் குத்தகைக்கு எடுத்துச் சின்ன வெங்காயமும் பீற்றூட்டும் செய்கிறோம். வயல் செய்கிறவர்களுக்கு வங்கியில் பசளைப் பணம் வந்தது. எங்களுக்கு வரவில்லை. நாங்கள் கமக்காரர் இல்லையா?
வாசகி, நீர்வேலி

பதில்: நீங்கள் கமக்காரர்தான், தங்கச்சி. அதில் எவருக்கும் சந்தேகம் வரக்கூடாது.

அந்தப் பணம் நெல்லுக்கென்று வந்தது. 2024/25 காலபோகத்தில், அதாவது மாரி நெற்செய்கைக்கு, ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், ஆகக்கூடியது இரண்டு ஹெக்டேயர் வரை என்று அரசாங்கம் கொடுத்தது. நம்முடைய கணக்கில் ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 40 பரப்பு. உங்கள் தறையை வயலென்றே வைத்துக்கொண்டாலும் கைக்கு வந்திருக்கக்கூடியது 3,800 ரூபாய் அளவில்தான். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, சந்தைக் கழிவு. நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவென்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்முடைய சந்தைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆயிரம் கிலோ வெங்காயத்துக்கு நூறு கிலோ போகிறது. கிலோ 150 ரூபாய் என்று வைத்தாலும் 15,000 ரூபாய். இதை நிறுத்த அரசாங்கம் ஒரு சதமும் செலவழிக்க வேண்டியதில்லை. தராசில் நிறுத்த நிறைக்கு முழுக் காசு கொடுக்கச் செய்தால் போதும்.

மற்றது, காப்புறுதி. இலவசப் பயிர்க் காப்புறுதியை அறிவித்தபோது நெல், சோளம், சோயா, மிளகாய், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் என்று ஆறு பயிர்களைச் சேர்த்தார்கள். மார்கழி மழையில் பாத்தியில் தண்ணீர் நின்று, தாள் மஞ்சளாகி, பிடுங்கினால் குமிழ் விரலோடு நசிந்து வருகிறதே, அந்தச் சின்ன வெங்காயம் அந்த ஆறில் இல்லை. யாழ்ப்பாணத்துச் சிறு தோட்டக்காரர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். உங்கள் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

எழுந்து கேட்பதற்கு நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும். நான் வேலை செய்த 31 ஆண்டுகளில் பார்த்தது இது: வெங்காயம் நடுவதும் புல்லுப் பிடுங்குவதும் பெண்கள், பதிவில் இருப்பது கணவரின் பெயர். கணவருக்கு ஏதும் நடந்துவிட்டால், அவள் தோட்டம் செய்தாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. ஆகவே உங்கள் பெயரிலும் உறுப்புரிமை எடுங்கள். குத்தகையை வாய்ப்பேச்சாக விடாமல் காணிக்காரரிடம் ஆண்டுக்கொரு கடிதம் வாங்குங்கள். அதைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய், பயிர் செய்கிறவர் நீங்கள் என்று பதிவுசெய்யக் கேளுங்கள். மானியமோ நட்டஈடோ வரும் நாளில் அங்கே பார்ப்பது பதிவேட்டைத்தான்.

கேள்வி: 2021இல் சேதனப் பசளை என்று சொல்லி எங்கள் மிளகாய்த் தோட்டத்தையே அழித்தார்கள். இப்போது மறுபடியும் அதே பேச்சோடு கூட்டம் வைக்கிறார்கள். நம்பலாமா?
வாசகர், குப்பிழான்

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு, தம்பி. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வெட்டாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பயிர் தன் காலத்தைத் தவறவிட்டிருந்தது. பல ஆண்டுகளாக யூரியாவைத் தின்று பழகிய மண்ணுக்கு ஆறே மாதத்தில் வேறு சாப்பாடு கொடு என்று சட்டம் போட்டால் மண் கேட்காது. தவறு சேதனப் பசளையுடையது என்று சொல்ல மாட்டேன். அவசரம் அவர்களுடையது, நட்டம் உங்களுடையது.

இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும். 1970களின் முற்பகுதியில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, உரும்பிராயில் என் தகப்பனார் மிளகாய் விற்ற காசில் கல்வீடு கட்டினார். அரசாங்கத்தின் ஒரு முடிவு குடும்பத்தை எப்படித் தூக்கிவிடும் என்பதைக் கண்ணால் கண்டவன் நான். 1977க்குப் பிறகு சந்தையைத் திறந்தபோது இன்னொரு முடிவு எப்படிக் கீழே இறக்கும் என்பதையும் கண்டேன். அந்தக் காசுக் காலத்தில்தான் நம்முடைய தறைகளில் மூடை மூடையாக உரம் இறங்கியது. பின்னர் போதனாசிரியராகி, இன்னும் போடுங்கள் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதற்கு இன்றும் மனம் வருந்துகிறேன்.

அதற்கு முன்பு குழை தாழ்த்தினோம். கிளுவை, பூவரசு, ஆடாதோடை எல்லாம் வெட்டிப் பரப்பி மண்ணால் மூடுவோம். பனையோலையைக் கிழித்துத் தாழ்ப்போம். ஆட்டுப்பட்டி அடைப்போம். ஓய்வுபெற்ற பிறகு என் நாலு பரப்பில் ஒரு பரப்பை மட்டும் அப்படிச் செய்யத் தொடங்கினேன். முதல் போகம் விளைச்சல் குறைவு. இரண்டாவது போகமும் குறைவுதான். சென்ற புரட்டாதியில் மண்வெட்டியால் கொத்தியபோது, தாழ்த்த ஓலை கறுத்து, விரலால் தொட்டவுடன் உதிர்ந்தது. அதன் நரம்புகளுக்கிடையே மண்புழு நெளிந்தது. பக்கத்துப் பாத்திக்கு இரண்டு நாளுக்கொருமுறை இறைக்க வேண்டியிருந்தது. இந்தப் பாத்தி நாலாம் நாள் வரை ஈரம் பிடித்தது.

எனவே கூட்டத்துக்குப் போங்கள். போய், இதைக் கேளுங்கள்: விளைச்சல் குறையும் அந்த முதல் இரண்டு மூன்று போகத்துக்கு எங்கள் வீட்டுச் செலவை யார் தாங்குவது? குழை வெட்டவும் எரு ஏற்றவும் கூலி யார் கொடுப்பது? பதில் இருந்தால் ஒரு பரப்பில் தொடங்குங்கள். மிச்சத்தில் மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவுக்கு உரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு பாத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயிரில் சந்தேகம் வந்தால் 1920 என்ற விவசாய ஆலோசனை எண்ணுக்கு அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.

கேள்வி: எங்கள் கிணறு தோட்டத்துக்குள் இருக்கிறது. மகளுக்கு மூன்று மாதக் குழந்தை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதுமா?
வாசகி, அச்சுவேலி

பதில்: போதாது, பிள்ளை. நமக்கு வற்றாத ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. தறைக்குப் போட்ட உரத்தின் நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பும் அதோடு இறங்குகிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க உகந்ததல்ல. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோவதை அது தடுக்கும், உடல் நீலம் பாரிக்கும். சுத்தமான போத்தலில் தண்ணீர் எடுத்து, நைத்திரேற்று அளவைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தாய்ப்பாலே கொடுத்தால் கவலையில்லை. மாப்பால் கரைப்பதென்றால், முடிவு வரும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கரைக்க வேண்டாம்.