காது கேட்கும் கருவி அணிந்தும் பேச்சு புரியவில்லை. எந்த ஒலிச் செயலாக்கம் உதவும்?

தன் தாயார் கருவி அணிந்த பிறகும் "சத்தம் கேட்குது, பேச்சுதான் புரியல" என்கிறார் என்றும், இரைச்சல் குறைப்பு வசதியுள்ள விலை உயர்ந்த கருவிக்கு மாறலாமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த வசதிக்காக மட்டும் மாற வேண்டாம் என்பதே என் பதில். நான் மின்னணுவியல் படித்தவன். என் தந்தை மதுரை செல்லூரில் நெடுங்காலம் விசைத்தறி ஓட்டிக் கேட்கும் திறனை இழந்தவர்.

தறிச் சத்தமானாலும் முதுமையானாலும், பெரும்பாலும் முதலில் பழுதாவது உட்செவியில் உயர் அதிர்வெண்களை, அதாவது கீச்சென்ற ஒலிகளை, உணரும் மயிர்ச்செல்களே. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடம் ஆடியோகிராம். இரைச்சலால் வரும் இழப்பில் அதன் கோடு 4000 ஹெர்ட்ஸ் (அதிர்வெண்ணின் அலகு) அருகே பள்ளமாக இறங்கும். பேச்சுக்கு ஓங்கிய ஒலியைத் தரும் உயிரெழுத்துகளின் ஆற்றலில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாட்டைக் காட்டும் ச, ட, த, க போன்ற மெய்களின் அடையாளமோ அதற்கு மேலே, மிக மெலிதாக இருக்கிறது. அதனால்தான் யாரோ பேசுவது கேட்கிறது, ஆனால் சொன்னது "பத்து" என்றா "பட்டு" என்றா என்பது தெரிவதில்லை.

எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கினால் இது தீராது. மெல்லப் பேசினால் என் தந்தைக்குக் கேட்காது; சற்றே குரலை உயர்த்தினால் "ஏன்டா இப்படிக் கத்துற" என்பார். நல்ல காதுக்கு, கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் இடையே ஏறத்தாழ 100 டெசிபல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) இடைவெளி உண்டு. பழுதான காதில் அது பாதியாகவும் சுருங்கிவிடலாம். ஆகவே கருவி ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெல்லிய ஒலியை மிகுதியாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்குகிறது. இதைக் கம்ப்ரெஷன் என்பார்கள். இது மிக வேகமாக இயங்கினால், "பாட்டு" என்பதன் நடுவே வரும் சிறு மௌனத்திலும் பின்னணி இரைச்சலைத் தூக்கிவிடும். அந்த மௌனமும் சொல்லின் ஒரு பகுதிதான். வயதானவர்கள் பலருக்கு மெதுவாக இயங்கும் அமைப்பே ஒத்துவருகிறது என்பது என் எண்ணம்.

இனி இரைச்சல் குறைப்புக்கு வருகிறேன். வழக்கமான முறை, மின்விசிறியைப்போல மாறாமல் ஒலிக்கும் சத்தம் எந்தப் பட்டையில் இருக்கிறது என்று கண்டு அதைத் தணிக்கிறது. அதே பட்டையில் உள்ள பேச்சும் உடன் தணிந்துவிடும். களைப்பு குறையும் என்பது மெய்தான், சொற்கள் கூடுதலாகப் புரியும் என்று சொல்வதற்கில்லை. மதுரை விளக்குத்தூண் கடைவீதியில் இருப்பதுபோல இரைச்சலே பிறர் பேச்சாக இருந்துவிட்டால் இம்முறை திணறும். நரம்பியல் வலையமைப்பின் (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் கணினி முறை) மூலம் பேச்சைப் பிரித்தெடுத்தால், கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குப் புரிதல் உண்மையாகவே கூடும் என்பதை அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். இப்போது அத்தகைய சில்லுகள் கருவிக்குள்ளேயே வருகின்றன. ஆனால் அவை சில மில்லிநொடிகளுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். தாமதம் கூடினால் நேரே காதில் விழும் ஒலியோடு கருவியின் ஒலி ஒட்டாமல், சொந்தக் குரலே எதிரொலிபோலத் தோன்றும்.

திசை அறியும் மைக் இதைவிட எளிமையான நுட்பம். இரண்டு மைக்குகளுக்கு ஒலி வந்துசேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு, முன்னால் இருப்பவரின் குரலை வைத்துக்கொண்டு பின்னால் வருவதைக் குறைக்கிறது. எதிரில் அமர்ந்திருப்பவர் பேசுவதைக் கேட்க இது நன்றாகப் பயன்படும். கோயிலின் கல் மண்டபங்களிலும் தகரக்கூரை போட்ட திருமணக் கூடங்களிலும் ஒலி எல்லாப் பக்கமிருந்தும் திரும்பி வருவதால், பேசுபவர் தள்ளி இருந்தால் பயன் மங்கிவிடும்.

அங்கே கைகொடுப்பது, பேசுபவரின் சட்டையில் குத்திக்கொள்ளும் கம்பியில்லா மைக். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். வாயருகே மைக் இருந்தால் அந்த இழப்பே இல்லாமல் குரல் நேராகக் கருவிக்குப் போய்விடும். உங்கள் தாயாரின் கருவி இதனோடு இணையுமானால், புதுக் கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செவித்துளைக்குள் மெல்லிய குழாயை வைத்து, கருவி செவிப்பறையருகே உண்மையில் எவ்வளவு ஒலியைத் தருகிறது என்று அளந்து ட்யூன் செய்வார்களா என உங்கள் மையத்தில் கேளுங்கள். ஒவ்வொருவர் காதுத் துளையின் அளவும் வேறு என்பதால், ஆடியோகிராமை மட்டும் கணினியில் ஏற்றி மென்பொருள் தரும் அமைப்பை அப்படியே விட்டால் உயர் அதிர்வெண்களில் பெருக்கம் குறைவாக நின்றுவிட வாய்ப்புண்டு. இந்த அளவீட்டைச் செய்து தராத மையம் என்றால், செய்து தரும் வேறு மையத்துக்குத் தாயாரை அழைத்துச் செல்லுங்கள். கருவி பழையதாகவே இருக்கட்டும்.