தீவுகளில் நேர்ந்த மரணங்கள்: வாசகர் கேள்வி – பதில்

நம் மலாயாத் தோட்டங்களை நடத்திய ஸ்காட்லாந்துத் துரைமாரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, 19-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டுத் தீவுகளில் கொலை அபூர்வம் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் தருகிறோம்.

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். ‘திடீர் மரணம் என வகைப்படுத்தப்பட்டுள்ளது’ என்று நாளிதழில் அன்றாடம் படிக்கிறோம். போலீஸ் ஸ்டேஷனே இல்லாத ஒரு தீவில் ஒருவர் திடீரென்று இறந்து கிடந்தால் யார் வந்து பார்த்தார்கள்? (ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்)

ஐயா, ஸ்காட்லாந்தில் திடீர் மரணங்களை விசாரிக்கும் கொரோனர் என்ற பதவி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. துரைமாரில் பலர் ஸ்காட்லாந்துக்காரர்களாக இருந்தாலும், நமக்கு வந்து சேர்ந்த குற்றவியல் சட்டம் இங்கிலாந்தின் வழக்கத்தை ஒட்டி இந்தியாவில் எழுதப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்டது என்பதால், அவர்கள் ஊர் முறை நமக்குப் புதிதாகத்தான் இருக்கும். அங்கே சந்தேகத்துக்குரிய மரணம் எதுவானாலும் விசாரிக்கும் பொறுப்பு ‘ஃபிஸ்கல்’ எனப்பட்ட அரசு வழக்கு அதிகாரியைச் சேர்ந்தது. லூயிஸ் தீவுக்கு ஸ்டோர்னோவேயிலும், வட யூயிஸ்ட் தீவுக்கு லோக்மாடியிலும், ஸ்கை தீவுக்குப் போர்ட்ரீயிலும் ஷெரிஃப் எனப்பட்ட வட்டார நீதிபதியின் நீதிமன்றங்கள் இருந்தன. செய்தி போய்ச் சேர்ந்து, காற்று அடங்கி, படகு கிடைத்த பிறகே அதிகாரி புறப்பட முடியும். அதற்குள் உடலை அடக்கம் செய்திருந்தாலும் வியப்பில்லை.

விசாரணை நடந்த விதம்தான் நாம் கவனிக்க வேண்டியது. ஃபிஸ்கல் சாட்சிகளைத் தனித்தனியாக அழைத்து, பொதுமக்கள் இல்லாத அறையில் வாக்குமூலம் வாங்கி, அந்தக் கட்டை எடின்பரோவில் இருந்த அரசு வழக்கறிஞர்களுக்கு அனுப்பிவைப்பார். வழக்குத் தொடுப்பதா, விட்டுவிடுவதா என்பதை முடிவு செய்தவர்கள் அந்தத் தீவைக் கண்ணால் கண்டிராதவர்களாகவும் இருக்கலாம். மேற்குத் தீவுகளின் மக்கள் கேலிக் மொழியில் பேசினார்கள், எழுதப்பட்டதோ ஆங்கிலத்தில். தமிழில் அழுதுகொண்டே சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இரண்டு வரி ஆங்கிலமாக்கிய கதை உங்கள் தலைமுறைக்குத் தெரியாததன்று.

ஸ்காட்லாந்தில் இறப்புப் பதிவு 1855 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. ஃபிஸ்கல் விசாரித்து வேறு காரணம் கண்டால், அது திருத்தங்களுக்கென்று வைத்திருந்த தனிப் பதிவேட்டில் ஏறியது. ஆயினும் ஒரே மருத்துவர் கடல் கடந்தும் சதுப்பு நிலம் கடந்தும் பல ஊர்களைக் கவனிக்க வேண்டியிருந்த அந்தத் தீவுகளில், மருத்துவர் சான்றிதழ் இல்லாமலே பதிவான மரணங்கள் ஏராளம். வேலையிடத்தில் நேர்ந்த சாவை ஷெரிஃபும் ஜூரியும் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும் என்ற சட்டம் 1895-இல்தான் வந்தது. மற்றத் திடீர் மரணங்களுக்கும் அதை நீட்டியது 1906-இல். ஆகவே, ‘கொலை அபூர்வம்’ என்று நாங்கள் எழுதிய வரியை, ‘கொலை என்று எழுதப்பட்டது அபூர்வம்’ என்ற அளவுக்குச் சுருக்கிப் படித்துக்கொள்வது நல்லது.

கொலை இல்லையென்றால், மக்கள் எதனால் அப்படித் திடீர் திடீரென்று இறந்தார்கள்? (ஆசிரியை, தமிழ்ப்பள்ளி)

பெரும்பாலும் கடலால், அம்மா. ஷெட்லாந்துத் தீவுகளில் ஆறு துடுப்புப் போட்ட, மேல்தளம் இல்லாத திறந்த படகில் ஏறி, கரை கண்ணுக்கு மறையும் தொலைவு சென்று மீன் பிடித்தார்கள். 1881 ஜூலை 20 அன்று இரவு வீசிய புயலில் அப்படிப்பட்ட 10 படகுகள் மூழ்கி 58 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் யெல் தீவின் குளூப் கரையிலிருந்து புறப்பட்டவர்கள். 1832 ஜூலையில் வந்த புயல் இதைவிடக் கொடியது: 105 உயிர்கள் போயின.

இவை இயற்கைச் சீற்றம், இதில் குற்றம் எங்கே என்று கேட்கலாம். ஷெட்லாந்தில் நெடுங்காலம் நிலவிய ஏற்பாட்டின்படி, குத்தகை நிலத்தில் குடியிருந்தவர் பிடித்த மீனை நிலச்சொந்தக்காரருக்கோ அவர் கைகாட்டிய வியாபாரிக்கோதான் கொடுக்க வேண்டும். மாவும் தூண்டில் கயிறும் அந்த வியாபாரியின் கடையிலேயே கடனாக வாங்க வேண்டும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கைக்குக் காசு வருவது அரிது. இதை விசாரிக்க அரசு ஓர் ஆணையத்தை அனுப்ப, அதன் அறிக்கை 1872-இல் வெளியாயிற்று. தோட்டக் கடையில் பற்று எழுதி, சம்பள நாளில் வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. வானம் கறுத்திருந்தாலும் கடலுக்குப் போயே தீரவேண்டிய நிலை ஒருவருக்கு ஏன் வந்தது என்ற கேள்வியை எந்த மரணப் பதிவேடும் கேட்பதில்லை.

செயின்ட் கில்டா என்ற ஒதுங்கிய தீவில் கதை வேறு. அங்கே பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேல் ஒரு வாரம் பத்து நாளில் தாடை இறுகி, பால் குடிக்க முடியாமல் இறந்தன. தொப்புள் கொடி வழியாகப் புகுந்த டெட்டனஸ் கிருமியே காரணம். ஊர் மக்கள் அதைத் தெய்வ சித்தம் என்றே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கஸ் ஃபிடஸ் என்ற பாதிரியார் கிளாஸ்கோவுக்குச் சென்று, பிரசவத்தில் கிருமி நீக்கும் முறையைக் கற்றுவந்து வற்புறுத்திய பிறகு, 1890-களில் அந்தச் சாவுகள் நின்றன.

பெண்கள் மீது என்ன குற்றம் சாட்டினார்கள்? (வாசகி, சுங்கை சிப்புட்)

கர்ப்பத்தை மறைத்த குற்றம் அடிக்கடி வருகிறது. திருமணமாகாத பெண் கர்ப்பத்தை யாரிடமும் சொல்லாமல், பிரசவத்துக்கும் உதவி கேட்காமல் இருந்து, குழந்தை இறந்தோ காணாமலோ போனால் அவளைக் கொலைகாரி என்றே கொள்ள 1690-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. அதற்குத் தண்டனை மரணம். 1809-இல் அது நீக்கப்பட்டு, அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை என்றாயிற்று. குழந்தை உயிரோடு பிறந்ததா என்று நிரூபிப்பது கடினமாகையால், கொலை வழக்காகத் தொடங்கியவையும் இந்தச் சிறிய குற்றச்சாட்டில் முடிவதுண்டு. தகப்பனை எந்தச் சட்டமும் தேடவில்லை என்பதை வாசகி கவனித்திருப்பார்.

புகழ்பெற்ற கொலை வழக்கு ஒன்றாவது இருக்குமே, ஐயா? (ஆறாம் படிவ மாணவர்)

இருக்கிறது, தம்பி. ஆனால் அதில் கொன்றவரும் இறந்தவரும் தீவுக்காரர்கள் அல்லர். 1889 ஜூலை 15 அன்று லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த எட்வின் ரோஸ் என்ற குமாஸ்தாவும், வழியில் பழக்கமான கிளாஸ்கோ தொழிலாளி ஜான் வாட்சன் லாரியும் ஆரன் தீவின் கோட்ஃபெல் மலையில் ஏறினார்கள். லாரி மட்டும் இறங்கினார். மறுநாள் காலை தங்குமிடத்துக்குப் பணம் தராமல், ரோஸின் உடைமைகளோடு கப்பலேறிவிட்டார். ஆகஸ்ட் 4 அன்று, பெரிய பாறை ஒன்றின் அடியில் கற்களை அடுக்கி மறைத்திருந்த ரோஸின் உடல், தலை சிதைந்த நிலையில் கிடைத்தது. திருடியதை ஒப்புக்கொண்ட லாரி, கொலையை மறுத்தார். ரோஸ் தவறி விழுந்திருக்கலாம் என்பது அவர் தரப்பு.

எடின்பரோவில் நடந்த விசாரணையில், இறந்தவரின் காலணிகள் எங்கே என்று கேட்டபோது, காவலர் ஒருவர் அவற்றைக் கடற்கரையில், அலை வந்து போகும் இடத்தில் புதைத்துவிட்டதாகச் சொன்னார். அவை முக்கியமான தடயம். பாறையில் வழுக்கினாரா என்பதை அடித்தோல் காட்டியிருக்கக்கூடும். கண்ணில் படாமல் வைக்கும்படி மேலதிகாரி சொன்னதாக விளக்கம் வந்தது. ஆவி நடமாடாமல் இருக்கவே புதைத்தார்கள் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து ஜூரியில் 15 பேர். அன்று ஒரு வாக்கு மிகுந்தாலே போதுமானதாக இருந்தது. 8 பேர் குற்றவாளி என்றனர். மற்ற 7 பேர், ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று அந்நாட்டுக்கே அன்று உரியதாயிருந்த மூன்றாவது தீர்ப்பைச் சொன்னார்கள். மனநிலை காரணமாகத் தூக்குத் தண்டனை குறைக்கப்பட்டு, லாரி 1930-இல் சிறைக்காவலிலேயே இறந்தார். நம் நாட்டில் ஜூரி முறை 1995-இல் ஒழிக்கப்பட்டது சரியா என்று வாதிடுவோர் இந்த 8-க்கு 7-ஐ இரண்டு பக்கமும் பயன்படுத்தலாம்.

ஃபிளானன் தீவுக் கலங்கரை விளக்கத்தில் பாதி சாப்பிட்ட தட்டு மேசையில் இருக்க, மூவர் மாயமானது உண்மையா? (அதே மாணவர்)

மூவர் காணாமல் போனது உண்மை. தட்டு பிற்காலக் கற்பனை. 1900 டிசம்பர் 26 அன்று மாற்று ஆள் சென்றபோது சமையலறை ஒழுங்காகவே இருந்தது. கடைசிக் குறிப்பு டிசம்பர் 15 காலையைச் சேர்ந்தது. ஒருவருடைய மழைக்கோட்டு மட்டும் உள்ளே தொங்கியது. மேற்குப் படகுத் துறையில் அவர்களைப் பேரலை அடித்துச் சென்றிருக்கும் என்பதே மேற்பார்வையாளர் ராபர்ட் மியூர்ஹெட் தந்த முடிவு. பேய்க் கதைகளைவிட அது நம்பத்தக்கது.

காஜாங் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அது ஸ்காட்லாந்தின் மல் தீவை ஒட்டிய ஒரு சிறு தீவின் பெயர் என்று அறிந்தேன். நம் காலத்தில் பெரிய துரை வைத்ததே சட்டம். அங்கேயும் அப்படித்தானா? (பழைய தண்டல், தற்போது சுங்கை சிப்புட்)

லூயிஸ் தீவில் அதைவிட ஒரு படி மேல், ஐயா. சீனாவில் அபின் வாணிகம் உட்படப் பொருள் ஈட்டிய ஜேம்ஸ் மேத்சன் 1844-இல் அந்தத் தீவை முழுவதுமாக வாங்கினார். அவருடைய நிர்வாகி டொனால்ட் மன்ரோ. அந்த மன்ரோவே தீவின் ஃபிஸ்கலும் ஆவார். குடியானவரை வெளியேற்ற நோட்டீஸ் கொடுப்பவரும், அதை எதிர்த்தவர் மீது குற்றம் சாட்டுபவரும், நாளை ஒரு குடியானவர் செத்துக் கிடந்தால் காரணம் விசாரிப்பவரும் ஒரே ஆள். நிர்வாகத்தின் அலட்சியத்தால் சாவு நேர்ந்தது என்று அப்படிப்பட்டவரிடம் போய் வாக்குமூலம் தர யாருக்குத் துணிவு வரும்?

1874 மார்ச்சில் லூயிஸை ஒட்டிய பெர்னரா தீவு மக்களின் கோடை மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்க 58 நோட்டீஸ்கள் அனுப்பப்பட்டன. கொண்டுபோன நீதிமன்ற ஊழியர் மீது இருட்டில் மண்ணாங்கட்டிகள் விழுந்தன. மறுநாள் தள்ளுமுள்ளில் அவருடைய கோட்டு கிழிந்தது. துப்பாக்கி இருந்திருந்தால் பெர்னராத் தாய்மார் பிள்ளைகளுக்காக அழுதிருப்பார்கள் என்ற பொருளில் அவர் மிரட்டியதாகவும் சாட்சியம் உண்டு. ஆனாலும் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர்கள் கோட்டைக் கிழித்ததாகச் சொல்லப்பட்ட மூன்று குடியானவர்கள்தாம். ஜூலையில் ஸ்டோர்னோவேயில் நடந்த விசாரணையில், குறுக்குக் கேள்விக்குப் பதில் சொன்ன மன்ரோ, மேத்சனைக் கேட்காமலே நோட்டீஸ் அனுப்பியதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஜூரி மூவரையும் விடுதலை செய்தது; அதற்குப் பின் அதிக நாள் ஆகாமலே மன்ரோ இரண்டு பதவிகளையும் இழந்தார். 1883-இல் குடியானவர்களின் குறைகளை விசாரிக்க அரசு அமைத்த நேப்பியர் ஆணையம் தீவு தீவாகச் சென்று, குடியானவர்கள் கேலிக்கில் சொன்னதைத் திறந்த அவையில் கேட்டுப் பதிவு செய்தது. 1886-இல் வந்த சட்டம், வாடகை செலுத்தும் குடியானவரை நினைத்தபோது வெளியேற்றும் அதிகாரத்தை நிலச்சொந்தக்காரர்களிடமிருந்து எடுத்துவிட்டது.