அம்மாவின் ரிப்போர்ட்டும் மகளின் ஜீனும்: கேள்வி-பதில்

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் ஈஆர் பாசிட்டிவ் என்று இருக்கிறது. அந்த ஜீன் எனக்கும் வந்திருக்குமா டாக்டர்?

மாதம் தவறாமல் வரும் கேள்வி. கூடவே பாதி வெட்டிய ரிப்போர்ட் போட்டோ ஒன்றும் வரும். முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) பாசிட்டிவ் என்பது பரம்பரை ஜீன் முடிவே இல்லை. கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்குக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரிந்தால், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி அங்கே இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். மார்பகப் புற்றுநோய்களில் நாலில் மூன்று இந்த வகைதான். டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள் பெரும்பாலும் கேட்கும் என்பதால் ஒருவகையில் நல்ல செய்தி. பரம்பரையைப் பார்க்க ரத்தமோ எச்சிலோ வேண்டும். இதில் இன்னொரு குழப்பம்: ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாதிரி மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களின் புற்றுசெல்லில் சில சமயம் ஈஎஸ்ஆர்1 மியூட்டேஷன், அதாவது அந்த ஏற்பியை உருவாக்கும் ஜீனில் ஒரு மாற்றம், தோன்றும். பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம். அது கட்டிக்குள்ளேயே உண்டாவது, பிள்ளைகளுக்குப் போகாது.

ஆன்லைனில் எச்சில் டெஸ்ட் செய்தேன். ஈஎஸ்ஆர்1 பக்கத்தில் ஒரு மாற்றமாம். மார்பகத்தை எடுத்துவிடலாமா?

கூடவே கூடாது! ஷாங்காய் பெண்களிடம் 2009-ல் கண்ட மாற்றத்தைச் சொல்கிறீர்கள் போலிருக்கிறது. அதுவும் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்திருந்தால்தான் அவர்களிடம் ஆபத்து ஒன்றரை மடங்கு சொச்சம். கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கும் சின்ன எழுத்து வித்தியாசம் அது. பரம்பரையாக வரும் பிஆர்சிஏ1 ஜீன் கோளாறு வேறு ரகம், அது இருந்தால் 80 வயதுக்குள் நூற்றுக்கு எழுபது பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. அறுவை சிகிச்சைப் பேச்சு அந்த மாதிரி ஆட்களுக்கு, அதுவும் மரபணு ஆலோசகரைப் பார்த்த பிறகு.

புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனின் ஏற்பி ஜீனில் புரோஜின்ஸ் என்ற மாற்றம் ஆபத்தா?

ஒரு ஆய்வு ஆமாம் என்றது, இன்னொன்று இல்லை என்றது. அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எனக்கு ஈஎஸ்ஆர் 40. புற்றுநோய் வருமா?

ஐயா, அது ஈஎஸ்ஆர்1 ஜீன் இல்லை, ரத்தச் சிவப்பணு படியும் வேகம். சளி பிடித்தாலும் ஏறும்.

அத்தைக்கு 38 வயதில் வந்தது. அப்பா வழிச் சொந்தம் கணக்கில் வருமா?

வரும். பாதி ஜீன் அப்பாவுடையது. அத்தை இருந்தால் முதலில் அவருக்கு டெஸ்ட், அப்புறம்தான் உங்களுக்கு. மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் ஜீனை விடுங்கள், நாளைக்கே டாக்டரிடம் போங்கள்.